எங்க டேகேர் டிஸ்ட்ரிக்ட் பிரீஸ்கூலில் சேரலாமா? (நியூ ஜெர்சி)

கேள்வி, பிப்ரவரி 9, 2025

“என் அக்கா மிடில்செக்ஸ் கவுண்டியில் டேகேர் நடத்துகிறார். எங்கள் ஊர் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு மாநில பிரீஸ்கூல் நிதி கிடைத்துவிட்டதாம், செப்டம்பரிலிருந்து மூணு நாலு வயசுக் குழந்தைகளுக்கு முழுநாளும் இலவசம். அப்படியென்றால் தனியார் டேகேர் எல்லாம் கதவைச் சாத்த வேண்டியதுதான். டிஸ்ட்ரிக்டோடு ஒப்பந்தம் போடலாம் என்று சொல்கிறார்கள், அதெல்லாம் கண்துடைப்பு என்றும் சொல்கிறார்கள். யாருக்காவது அனுபவம் உண்டா?”

பிப்ரவரி 9, இரவு

உண்டு. சில ஆண்டுகளாக இந்தப் பக்கத்து டேகேர்களுக்கு இந்த ஒப்பந்தக் காகித வேலைதான் செய்து கொடுக்கிறேன், அதற்கு முன்னால் நானே வகுப்பில் உதவி டீச்சராக இருந்தேன். கண்துடைப்பு இல்லை. நியூ ஜெர்சியில் இலவச பிரீஸ்கூல் தொடங்கியதே தனியார் டேகேர்களை நம்பித்தான். 1998-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஆபட் வழக்கில் ஏழை நகரங்களில் மூணு நாலு வயசுக் குழந்தைகளுக்கு பிரீஸ்கூல் தர வேண்டும் என்று உத்தரவு போட்டபோது பள்ளிக்கூடங்களில் அவ்வளவு அறைகள் ஏது? நுவர்க், கேம்டன், பேட்டர்சன், யூனியன் சிட்டி என்று எல்லா ஊரிலும் ஏற்கெனவே இருந்த டேகேர்களோடும், மத்திய அரசுப் பணத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு நடக்கும் ஹெட் ஸ்டார்ட் மையங்களோடும் ஒப்பந்தம் போட்டுத்தான் சமாளித்தார்கள். ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பாலான பிள்ளைகள் படித்தது அந்த மையங்களில்தான்.

உங்கள் ஊர் ஆபட் வழக்கில் வந்த அந்தப் பழைய 31 டிஸ்ட்ரிக்டுகளில் இல்லை, 2018-க்குப் பிறகு விரிவாக்க நிதி வாங்கிய ஊர் என்று நினைக்கிறேன். நிதி கேட்கும்போதே டிஸ்ட்ரிக்ட் உள்ளூர் டேகேர்களை அணுகிப் பேசியிருக்க வேண்டும். அக்காவுக்குக் கடிதமோ மின்னஞ்சலோ வந்ததா? ஸ்பாம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள், சும்மா சொல்லவில்லை.

பிப்ரவரி 10

காலையில் எழுந்து பார்த்தால் ஆளாளுக்கு ஒன்று எழுதியிருக்கிறீர்கள். “லைசென்ஸ் இருந்தால் போதும், அப்ளை பண்ணினால் பணம் வரும்” என்று ஒருவர். போதாது. லைசென்ஸ் தருவது குழந்தைகள் குடும்பங்கள் துறை, பிரீஸ்கூல் நிதி வருவது கல்வித் துறையிலிருந்து, ஒப்பந்தம் போடுவது உங்கள் ஊர் டிஸ்ட்ரிக்ட். மூன்றும் வேறு வேறு ஆட்கள். மாநிலத்துக்கு நேராக விண்ணப்பம் போட வழி கிடையாது. டிஸ்ட்ரிக்டில் பிரீஸ்கூலைக் கவனிப்பவர் யார் என்று கண்டுபிடித்து அவரிடம் போய் உட்கார வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை.

லைசென்ஸ் விதி கேட்பதற்கும் பிரீஸ்கூல் நிதி விதி கேட்பதற்கும் வித்தியாசம் பெரிது. லைசென்ஸ் சட்டப்படி நாலு வயசுக் குழந்தைகள் 12 பேருக்கு ஒரு ஆள் இருந்தால் சரி, அவர் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை. நிதி வேண்டுமானால் ஒரு வகுப்பில் 15 பேருக்கு மேல் கூடாது, ஒரு டீச்சர், ஒரு உதவி டீச்சர். அந்த டீச்சருக்கு இளங்கலைப் பட்டமும் பி-3 சான்றிதழும் வேண்டும், அதாவது பிரீஸ்கூலிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை சொல்லித்தரும் மாநிலச் சான்றிதழ். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், வருஷத்துக்கு 180 நாள். மாநிலம் ஏற்றுக்கொண்ட பாடத்திட்டம், கிரியேட்டிவ் கரிக்குலம், ஹைஸ்கோப் மாதிரி. டிஸ்ட்ரிக்ட் பள்ளியில் எது நடக்கிறதோ பெரும்பாலும் அதையே உங்களிடமும் கேட்பார்கள்.

இன்னொருவர் “டீச்சருக்கு சி.டி.ஏ. போதும்” என்று எழுதியிருக்கிறார், பட்டம் இல்லாமலே வாங்கக்கூடிய குழந்தைப் பராமரிப்புச் சான்றிதழ் அது. டேகேரில் வேலைக்கு அது நல்ல தகுதிதான், உதவி டீச்சருக்கும் ஒப்பந்தத்தில் கைகொடுக்கும். ஆனால் நிதி வரும் வகுப்பின் டீச்சர் இடத்துக்குப் போதாது. 2000-இலேயே நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. அப்போது மையங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டீச்சர்களுக்குப் பட்டம் வாங்க 2004 செப்டம்பர் வரை அவகாசம் கொடுத்து, படிப்புச் செலவுக்கு மாநிலமே உதவியது. நாற்பது ஐம்பது வயதில் பெண்கள் பகல் முழுக்கக் குழந்தைகளோடு மல்லுக்கட்டிவிட்டு மாலையில் கல்லூரிக்குப் போய்ப் படித்தார்கள். அவர்களில் ஒருவரிடம்தான் நான் வேலை கற்றுக்கொண்டேன்.

பிப்ரவரி 10, மதியம்

கூடுதலாக ஒன்று. “ஆபட்” யார் என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: ரேமண்ட் ஆபட், கேம்டன் ஊர்ப் பள்ளி மாணவன். 1981-இல் வழக்குப் போட்டபோது பன்னிரண்டு வயசுப் பையன். மனுதாரர் பட்டியலில் அகர வரிசைப்படி முதல் பெயர் அவனுடையது, அதனால் வழக்குக்கே அவன் பெயர். பிரீஸ்கூல் உத்தரவு வந்தபோது அவன் பிரீஸ்கூல் வயசைத் தாண்டி ரொம்ப வருஷம் ஆகிவிட்டது.

பிப்ரவரி 12

அக்காவின் மையம் பற்றிய விவரத்துக்கு நன்றி. கைக்குழந்தை அறை ஒன்று, தவழ்ந்து நடக்கிற வயசுக்கு ஒன்று, மூணு நாலு வயசுக்கு இரண்டு அறை. சரி, இப்போது மெயின் விஷயத்துக்கு வருகிறேன். நான் போகிற எல்லா இடத்திலும் ஓனர்கள் முதலில் கேட்பது, “ரூம் போதுமா, பாத்ரூம் எங்கே இருக்கணும், என்ன சாமான் வாங்கணும்?” அதெல்லாம் சமாளிக்கலாம். மையத்தைச் சாய்ப்பது இரண்டே இரண்டு விஷயம்: பி-3 டீச்சர், கைக்குழந்தை அறையின் கணக்கு.

கணக்கை முதலில் பார்ப்போம். ஒன்றரை வயசுக்குக் கீழே 4 குழந்தைக்கு ஒரு ஆள் என்பது லைசென்ஸ் விதி. 12 கைக்குழந்தைக்கு மூன்று பேர் சம்பளம், நாலு வயசு 12 பேருக்கு ஒருவர் சம்பளம். ஆனால் கைக்குழந்தைக்கு மூன்று மடங்கு கட்டணம் எந்த அம்மா அப்பா கொடுப்பார்கள்? ஏறத்தாழ எல்லா டேகேரிலும் நாலு வயசு அறை கூட்டுக்குடும்பத்தில் சம்பாதிக்கிற மூத்த பையன் மாதிரி, அவன் சம்பளத்தில்தான் சின்னவர்களுக்குப் பால் வாங்குவது. இப்போது டிஸ்ட்ரிக்ட் பணம் வந்ததும் என்ன ஆகும்? அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், நிதி வரும் வகுப்புக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும். வாடகையில்கூட அந்த அறைகளின் பங்கைத்தான் அதில் காட்டலாம். மிச்சம் பிடித்துக் கைக்குழந்தை அறைக்குத் தள்ள முடியாது. தள்ளினால் ஆடிட்டில் கேள்வி வரும்.

அப்படியானால் சேராமல் இருந்துவிடலாமா? சேராவிட்டாலும் அதே கதிதான். டிஸ்ட்ரிக்ட் பள்ளியில் இலவசமாக அறை திறந்துவிட்டால் உங்கள் நாலு வயசுக் குழந்தைகள் பாதிப் பேர் செப்டம்பரில் அங்கே போய்விடுவார்கள். மூத்த பையன் எப்படியும் வீட்டை விட்டுப் போகிறான். சேர்ந்தால் அந்த இரண்டு அறைகளின் வாடகை, டீச்சர் சம்பளம், உங்கள் சம்பளத்தில் ஒரு பங்காவது நிச்சயம். அதனால் அக்காவுக்கு என் பதில்: சேருங்கள், ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கைக்குழந்தை அறையையும் அடுத்த அறையையும் மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்து, அவை சொந்தக் காலில் நிற்க என்ன கட்டணம் வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். தொகையைப் பார்த்து மயக்கம் வரும். இப்போதே வரட்டும், அக்டோபரில் வந்தால் தாங்காது.

பிப்ரவரி 13

ஒருவர் கால்குலேட்டரோடு வந்துவிட்டார். “2008 சட்டத்திலேயே தனியார் மையத்தில் ஒரு குழந்தைக்கு 12,934 டாலர் என்று இருக்கிறது, பள்ளிக்குள் 11,506 தான். இப்போது இன்னும் ஏறியிருக்கும். முப்பது பிள்ளை என்றால் நாலு லட்சம் டாலர், யோகம்தான்!” எண்கள் சரி. ஹெட் ஸ்டார்ட் பிள்ளைக்கு 7,146, ஏனென்றால் அவர்களுக்கு மத்திய அரசுப் பணமும் வருகிறது. அந்தத் தொகை ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப மாறுகிறது என்பதும் சரி. ஆனால் அது மாநிலம் டிஸ்ட்ரிக்டுக்குத் தருகிற உதவி. அதிலிருந்துதான் டீச்சர்களுக்கு வழிகாட்டும் கோச், பிரச்சினை உள்ள குழந்தைகளைப் பார்க்கும் குழு, மேற்பார்வை எல்லாம். உங்களுக்கு வருவது நீங்கள் வரி வரியாகப் போட்ட பட்ஜெட்டில் டிஸ்ட்ரிக்ட் ஒப்புக்கொண்ட தொகை. நாலு லட்சத்தை நினைத்துக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்பாதீர்கள்.

அந்த பட்ஜெட்டில் பலர் விட்டுவிடும் ஒரு வரி குடும்பப் பணியாளர். தனியார் மையங்களில் 45 குழந்தைகளுக்கு ஒருவர் என்று விதி. பெற்றோரோடு பேசுவது, வீட்டுச் சிரமம் இருந்தால் உதவி தேடித் தருவது அவர் வேலை. முப்பது பிள்ளைக்கு முழு ஆள் தேவைப்படாது, வேறொரு மையத்தோடு பகிர்ந்துகொள்ள முடியுமா என்று டிஸ்ட்ரிக்டைக் கேளுங்கள்.

பிப்ரவரி 16

டீச்சர் விஷயம். இதில் நம் ஆட்களுக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது, ஒரு பொறியும் இருக்கிறது.

ஊரில் பி.எஸ்சி., எம்.எஸ்சி., சிலர் பி.எட். வரை படித்துவிட்டு கணவர் வேலை விசாவில் இருக்க, துணைக்கான எச்-4 விசாவில் இங்கே வந்து, வேலை அனுமதி கிடைத்ததும் டேகேரில் உதவி டீச்சராகச் சேர்ந்த பெண்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் பி-3 வாங்க முடியும், யாரும் சொல்லாததால் தெரியவில்லை. முதல் படி ஊர்ப் பட்டத்தை இங்கே மதிப்பீடு செய்ய அனுப்புவது. பொறி அங்கேதான்: நம் மூன்று ஆண்டுப் பட்டத்தை எல்லா மதிப்பீட்டு நிறுவனமும் இங்குள்ள நான்கு ஆண்டுப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லாது. மேலே எம்.எஸ்சி.யோ பி.எட்.டோ இருந்தால் நிலைமை பெரும்பாலும் மாறும். பணம் கட்டுவதற்கு முன் எந்த நிறுவனத்தின் அறிக்கையை மாநிலம் ஏற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தேர்வு. பொதுவான வாசிப்பு, எழுத்து, கணக்கு அடிப்படைத் தேர்வு 2025 ஜனவரி 1 முதல் எடுக்கப்பட்டுவிட்டது, பழைய யூடியூப் வீடியோக்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் பாடத் தேர்வு இருக்கிறது, அதை எழுதித்தான் ஆக வேண்டும். தகுதிச் சான்று கையில் வந்ததும் வகுப்பு டீச்சராக வேலையில் சேர்ந்துகொண்டே மாற்றுவழிப் பயிற்சியை முடிக்கலாம். கல்லூரி முடித்துவிட்டு வந்தால்தான் வேலை என்று காத்திருக்கத் தேவையில்லை.

அதனால் ஓனர்களுக்கு நான் சொல்வது, வெளியே விளம்பரம் போடுவதற்கு முன்னால் உங்கள் மையத்தில் டயப்பர் மாற்றிக்கொண்டிருக்கிற பெண்ணிடம் “நீ என்ன படிச்சிருக்கே?” என்று கேளுங்கள். ஒரு ஓனர், தமிழர்தான், தன்னிடம் ரொம்ப நாளாக வேலை செய்யும் பெண் மனையியலில் முதுகலைப் பட்டதாரி என்பதே தெரியாமல் இருந்தார்.

பிப்ரவரி 16, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் ரொம்ப இனிப்பாக இருக்கிறது. கசப்பையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செலவழித்து, விடுமுறை கொடுத்து, ஊக்கம் கொடுத்து ஒருவர் பி-3 வாங்கினால், அடுத்த கோடையில் டிஸ்ட்ரிக்ட் பள்ளியே அவரைக் கூப்பிட்டுக்கொள்ளும். சம்பளத்தை இணையாகக் கொடுக்க ஒப்பந்தத்தில் இடமுண்டு, ஆனால் பென்ஷன், மருத்துவக் காப்பீடு, கோடை விடுமுறை இதிலெல்லாம் தனியார் மையம் போட்டிபோட முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு டிஸ்ட்ரிக்ட், பெயர் வேண்டாம், தான் ஒப்பந்தம் போட்ட மையத்திலிருந்தே ஆகஸ்ட் கடைசியில் இரண்டு டீச்சரைத் தூக்கிக்கொண்டு, செப்டம்பரில் “உங்கள் வகுப்பில் சான்றிதழ் பெற்ற டீச்சர் இல்லையே” என்று அந்த மையத்துக்கே கடிதம் போட்டது. சிரிப்பதா அழுவதா?

டீச்சர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

பிப்ரவரி 20

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: டிஸ்ட்ரிக்ட் ஆட்கள் மையத்தைப் பார்க்க வருகிறார்களாம், அக்கா ஓவென்று பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறாராம். பெயின்டை நிறுத்தச் சொல்லுங்கள். வருகிறவர்களின் கண் சுவருக்குப் போகாது.

வகுப்பு நடக்கும்போது இசிஇஆர்எஸ்-3 என்ற, பிரீஸ்கூல் வகுப்பின் தரத்தை அளக்கும் அளவுகோலை வைத்துக்கொண்டு ஒருவர் மூலையில் மூன்று மணி நேரம் உட்காருவார். சிரிக்க மாட்டார், பேச மாட்டார். நான் உதவி டீச்சராக இருந்தபோது அப்படி ஒரு அம்மா எங்கள் வகுப்புக்கு வந்தார். அலமாரியில் அழகாக அடுக்கி வைத்திருந்த புதுக் கட்டைகளை அவர் பார்க்கவே இல்லை. மணல் மேஜையிலிருந்து பிள்ளைகள் நேராகச் சாப்பாட்டு மேஜைக்கு ஓடியபோது யார் கை கழுவினார்கள், யார் தண்ணீரைத் தொட்டுவிட்டு ஓடினார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை கட்டையில் கோபுரம் கட்டி, “மிஸ், பாருங்க” என்றது. டீச்சர் “வெரி குட்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்த அம்மா பேனாவை எடுத்தார். பிறகு கிடைத்த அறிக்கையில் அந்த “வெரி குட்” இருந்தது: ஏன் விழாமல் நிற்கிறது, இன்னும் ஒன்று வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கலாம், வாய்ப்பு நழுவியது என்று. அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது நானே மற்றவர்களுக்கு அதைத்தான் சொல்லித்தருகிறேன்.

அதனால் பெயின்டுக்குப் பதில்: எட்டுகிற உயரத்தில் பொம்மைகள், எப்போதும் திறந்திருக்கிற புத்தக மூலை, குழந்தைகளே வரைந்ததைச் சுவரில். கடையில் வாங்கின ஏபிசிடி சார்ட்டுகளில் பாதியை எடுத்துவிடுங்கள். மாநிலத்தின் தர மதிப்பீட்டுத் திட்டமான க்ரோ என்ஜே கிட்ஸில் மையம் ஏற்கெனவே பதிந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள், பேச்சு சுலபமாகும்.

பிப்ரவரி 21

ஏபிசிடி சார்ட்டை எடுக்கச் சொன்னதற்கு இவ்வளவு கோபமா! “அப்ப எழுதச் சொல்லித்தர மாட்டாங்களா? நாள் முழுக்க விளையாட்டுக்கா வரிப்பணம்?” இந்தக் கேள்வி நம் பெற்றோரிடமிருந்து எல்லா வருஷமும் முதல் கூட்டத்திலேயே வந்துவிடும். எழுத்து உண்டு, ஆனால் வொர்க்‌ஷீட்டில் பத்துத் தடவை ‘ஏ’ எழுதும் முறை கிடையாது. கடை விளையாட்டு விளையாடும்போது விலைப்பட்டியல் எழுதும் குழந்தைக்கு எழுத்து அங்கேதான் வருகிறது. நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் நியர் என்ற ஆய்வு நிறுவனம் இந்த ஆபட் வகுப்புப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தது. நாலாம் ஐந்தாம் வகுப்பு வரை மொழியிலும் கணக்கிலும் அறிவியலிலும் பலன் தெரிந்தது, இரண்டு வருஷம் படித்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாவிட்டால் வீட்டில் பாட்டி இருக்கிறார்.

பாட்டி என்றதும் ஞாபகம் வருகிறது: தமிழ் பேசினால் குழந்தைக்கு இடம் கிடைக்காது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தலைகீழ். வீட்டு மொழி என்ன என்று சேரும்போதே கேட்பார்கள், அதை வகுப்பில் ஆதரிக்க வேண்டும் என்றுதான் மாநிலத் தரநிலையே சொல்கிறது. மறைக்காதீர்கள்.

பிப்ரவரி 27

வேறொரு அம்மா: வீட்டுக்கு அருகே ஒரே ஒரு பிரீஸ்கூல் அறை வைத்திருக்கிறார், காலையில் சுலோகம் சொல்லித் தொடங்குவார்கள், சுவரில் சரஸ்வதி படம். சேரலாமா என்று கேட்கிறார். கோயிலோ சர்ச்சோ நடத்தும் மையம்கூட ஒப்பந்தம் போடலாம், ஆனால் நிதி வரும் அந்த ஆறு மணி நேரத்தில் மதப் போதனை கூடாது. சுலோகம் அந்த நேரத்தில் கிடையாது, படத்தையும் வகுப்பறையிலிருந்து எடுக்கச் சொல்வார்கள்.

ஆனால் அவர் கேள்வியைப் பார்த்ததும், 12-ஆம் தேதி “சேருங்கள்” என்று எழுதியது எல்லாருக்கும் பொருந்துமா என்று யோசிக்கிறேன். ஒரு அறைக்காக பி-3 டீச்சர், தனிக் கணக்கு, காலாண்டுக்கு ஒரு தடவை செலவறிக்கை, கணக்காளர் கட்டணம் எல்லாம் சுமக்க வேண்டுமா? அந்த அளவில் சில டிஸ்ட்ரிக்டுகள் பேச்சுக்கே வருவதில்லை. அவருக்கு நான் சொல்வது வேறு: நாலு வயசை விட்டுவிடுங்கள், மூணு வயசுக்குக் கீழே மட்டும் நடத்துங்கள். பிரீஸ்கூல் இலவசமாகிற ஊர்களில் கைக்குழந்தைக்கு இடம் கிடைக்காமல்தான் பெற்றோர் அலைகிறார்கள். கட்டணம் கூடத்தான் செய்யும், அது கேட்கச் சுகமில்லை. ஆனால் சுலோகமும் உங்களுக்கு மிச்சம்.

மார்ச் 6

அக்காவுக்கு டிஸ்ட்ரிக்டிலிருந்து “முதல் வருஷம் ஒரு வகுப்பு மட்டும், 15 பேர்” என்று பதில் வந்திருக்கிறது. நல்ல செய்தி. இரண்டாவது அறைக்கு இப்போதே எழுத்தில் கேட்டுவையுங்கள், ஏனென்றால் டிஸ்ட்ரிக்ட் அடுத்த ஆண்டுத் திட்டத்தை இலையுதிர் காலத்திலேயே மாநிலத்துக்கு அனுப்பிவிடும், வசந்தத்தில் போய் நின்றால் “முடிந்துவிட்டது” என்பார்கள்.

நிதி வரும் பிள்ளைகளிடம் பதிவுக் கட்டணம், சாமான் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது என்பதை அலுவலகத்தில் இருப்பவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், பழக்கதோஷத்தில் ரசீது போட்டுவிடுவார்கள். ஆறு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் பார்த்துக்கொள்வதற்குத் தனியாக வாங்கலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அந்த நேரத்துக்கு மனித சேவைத் துறையின் உதவித்தொகை கிடைக்கலாம், புது விண்ணப்பங்களை இப்போது எடுக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் 7

“ஜூலை ஆகஸ்ட் என்ன செய்வது?” என்று கேட்டிருக்கிறீர்கள். 180 நாளுக்குத்தான் பணம். கோடையில் அந்த அறைக்கு வாடகை நீங்கள்தான் கட்ட வேண்டும். பெரும்பாலான மையங்கள் கோடை முகாம் என்று நடத்திப் பெற்றோரிடம் கட்டணம் வாங்குகின்றன, அதற்கான அறிவிப்பை ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள். டீச்சருக்கு அந்த இரண்டு மாதம் சம்பளம் உண்டா, இல்லையா, பத்து மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்துத் தருவீர்களா என்பதை வேலைக்கு எடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள். ஒப்பந்த வரைவு வந்ததும் பெயர்களை அடித்துவிட்டு அனுப்புங்கள், பட்ஜெட் பக்கங்களைப் பார்த்துச் சொல்கிறேன். சட்டப் பக்கங்களுக்கு வக்கீல்தான்.